தனியாகப் போவதா, ஜோடியாகப் போவதா: தெரபி தேர்ந்தெடுப்பது பற்றி

எனக்கும் என் மனைவிக்கும் சண்டை முற்றிப்போயிருந்த காலத்தில் நான் எட்டு மாதம் தனியாகத் தெரபிக்குப் போனேன். நல்ல தெரபிஸ்ட்தான். வாரம் ஒரு முறை ஐம்பது நிமிடம் பேசிவிட்டு வெளியே வரும்போது மனசு லேசாக இருக்கும். வீட்டுக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, பழையபடி ஆரம்பித்துவிடும். எட்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அந்த அறையில் என் மனைவியின் பக்கத்தைச் சொல்ல ஆளே இல்லை. தெரபிஸ்ட் கேட்டதெல்லாம் நான் சொன்ன கதை. நான் சொல்லும் கதையில் நான் எப்போதும் பொறுமைசாலி.

இத்தனைக்கும் போவதற்கு முன் வாரக்கணக்கில் தேடிப் படித்தவன் நான். எந்த முறைக்கு ஆராய்ச்சி அதிகம், எதற்கு எத்தனை செஷன், எல்லாம் விரல்நுனியில் இருந்தது. அந்த அறையில் யார் யார் உட்கார வேண்டும் என்ற ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. தலையணையை மாற்றினால் தலைவலி போகுமா என்பார்கள். நான் தலையணை உறைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்த ஒப்பீட்டில் முறைகளின் பெயர்கள் இரண்டாவதாகத்தான் வரும்.

முதல் கேள்விக்கு கைவைத்தியம் மாதிரி ஒரு சோதனை வைத்திருக்கிறேன். உங்கள் கணவரோ மனைவியோ இரண்டு வாரம் வெளியூர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கஷ்டம் அவரோடு கிளம்பிப் போய்விடுமா, உங்களோடு வீட்டிலேயே தங்குமா? தூக்கமின்மை, காரணம் தெரியாத படபடப்பு, எதிலும் பிடிப்பில்லாமல் கிடப்பது, இதெல்லாம் அவர் இல்லாத வீட்டிலும் அப்படியே இருக்கும் என்றால் தனியாகப் போவது சரி. அவர் போனதும் நன்றாகத் தூங்கி, திரும்பி வரும் நாள் நெருங்க நெருங்க வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கிறது என்றால், பிரச்சினை இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பேரும் போக வேண்டும். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. இதே சண்டை, கிட்டத்தட்ட இதே வசனங்களோடு, முன்பு காதலித்தவரோடும் வந்தது, பழைய அலுவலக மேலதிகாரியோடும் வந்தது, நெருங்கிய நண்பரோடும் வந்தது. ஆட்கள் மாறியும் நாடகம் மாறவில்லை என்றால் அதற்குத் தனியாகத்தான் போக வேண்டும், அதுவும் கொஞ்சம் நீண்ட காலத்துக்கு.

மூன்றும் கலந்து வருவதுதான் வாழ்க்கையில் சகஜம். மனச்சோர்வு உள்ளவரோடு வாழ்வது சண்டையைக் கிளப்பும். ஓயாத சண்டை மனச்சோர்வை வளர்க்கும். எது முதலில் வந்தது என்று தேடி அலைய வேண்டியதில்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு, உறவுச் சிக்கல் மனச்சோர்வுக்குக் காரணமாக இருக்கக்கூடும் என்ற நிலையில் ஜோடியாகச் செல்லும் தெரபியையே மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே 'டிப்ரஷன் அவருக்கு, நான் எதற்கு வர வேண்டும்' என்பது எப்போதும் செல்லுபடியாகும் வாதம் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஜோடியாகப் போகாதீர்கள் என்று அடித்துச் சொல்வேன். வீட்டில் அடி உதை இருந்தால், அல்லது 'இதைச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் என்ன நடக்குமோ' என்ற பயம் ஒருவருக்கு இருந்தால், அந்த இருவரையும் ஒரே சோபாவில் உட்காரவைத்து மனம் திறந்து பேசச் சொல்வது ஆபத்து. அறைக்குள் சொன்ன உண்மைக்கு வெளியே தண்டனை கிடைக்கும். விவரம் தெரிந்த ஜோடித் தெரபிஸ்ட்கள் ஆரம்பத்திலேயே இருவரையும் தனித்தனியாகச் சந்திப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருபவர்களுக்கும் இந்தக் கட்டுரை காத்திருக்கலாம். அவர்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கோ நெருக்கடி உதவி எண்ணுக்கோ இன்றைக்கே போக வேண்டும், முறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, தனியாகத்தான் போகிறீர்கள். இங்கே அதிகம் காதில் விழும் பெயர் சிபிடி, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றுவதன் வழியாக உணர்வை மாற்றும் முறை. 1960-களில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரன் பெக் இதற்கு அடித்தளம் போட்டார். அவரே ஃபிராய்டின் வழியில் பயிற்சி பெற்றவர். மனச்சோர்வு உள்ளவர்களின் மனதில் 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பது போன்ற எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதைக் கவனித்தார். அந்த எண்ணத்தைக் கையில் பிடித்து, உண்மையா என்று பார்க்க வைத்தால் மனநிலை மாறுகிறது என்பதுதான் அவர் கண்டது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? இரவு ஒன்பது மணிக்கு மேலதிகாரியிடமிருந்து ஒரு மெசேஜ்: 'நாளைக்குக் காலைல கொஞ்சம் பேசணும்.' அவ்வளவுதான். சிபிடியில் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள். முதல் கட்டத்தில் நடந்தது: மெசேஜ் வந்தது. அடுத்தது மனதில் ஓடியது: வேலையை விட்டுத் தூக்கப் போகிறார். அடுத்தது உணர்வு, நூற்றுக்கு எத்தனை: பயம், 85. அப்புறம் அந்த எண்ணத்துக்கு ஆதரவான சான்று: போன வாரம் ஒரு அறிக்கையைத் தாமதமாகக் கொடுத்தேன். எதிரான சான்று: இதே மாதிரி மெசேஜ் இந்த வருடம் நான்கு முறை வந்திருக்கிறது, நான்கு முறையும் வேறு ஏதோ விஷயம், தூக்குவதாக இருந்தால் 'கொஞ்சம்' என்று எழுத மாட்டார். கடைசியில் திரும்பவும் பயத்துக்கு மதிப்பெண்: 50. கவனியுங்கள், பூஜ்யம் இல்லை. ஐம்பது. அந்த ஐம்பதோடு தூங்கிவிடலாம், எண்பத்தைந்தோடு முடியாது. சிபிடி தருவது இதைத்தான், இதற்கு மேல் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

பொதுவாக 12 முதல் 20 செஷன்கள். ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் இருக்கும். வீட்டுப்பாடம் செய்யாதவர்களுக்குப் பலன் குறைவு, இதைத் தெரபிஸ்ட்களே ஒளிவுமறைவில்லாமல் சொல்வார்கள். பேனிக் அட்டாக், குறிப்பிட்ட பயங்கள், மனச்சோர்வு, அளவுமீறிய கவலை இவற்றுக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான். 'எல்லாம் இருக்கிறது, ஆனால் எனக்கு என்ன வேண்டும் என்றே தெரியவில்லை' என்று வருபவருக்குக் கட்டம் போட்ட தாள் எரிச்சலைத்தான் கொடுக்கும்.

அவருக்கு சைக்கோடைனமிக் தெரபி பொருந்தலாம். ஃபிராய்டின் உளப்பகுப்பாய்விலிருந்து பிறந்த கிளை இது. பழைய முறையில் வாரத்தில் நான்கைந்து நாள் சோபாவில் படுத்துக்கொண்டு பேச வேண்டும். இப்போது பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்துதான். அதே மெசேஜை இங்கே கொண்டுபோனால் சான்று கேட்க மாட்டார்கள். 'யாராவது பேசணும் என்றாலே உங்களுக்குத் தப்பு செய்துவிட்ட மாதிரி தோன்றுவது எப்போதிலிருந்து?' என்பார்கள். கேள்வி சாதாரணமாகத்தான் இருக்கும், பதில் எட்டு வயதில் போய் நிற்கும்.

இந்த முறையின் உண்மையான சரக்கு வேறொன்று. நீங்கள் வெளியே மனிதர்களிடம் நடந்துகொள்ளும் விதம் சில வாரங்களில் தெரபிஸ்ட்டிடமும் தலைகாட்டிவிடும். ஒரு நாள் ஐந்து நிமிடம் தாமதமாகப் போகிறீர்கள். மூன்று முறை மன்னிப்புக் கேட்கிறீர்கள். 'நான் கோபமாக இருப்பேன் என்று நினைத்தீர்களா?' என்று அவர் கேட்கிறார். இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்துகிறீர்கள், ஏனென்றால் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தீர்கள். ஆட்கள் மாறியும் நாடகம் மாறவில்லை என்றேனே, அந்த நாடகம் இப்படி அறைக்குள்ளேயே, சேதாரமில்லாமல் ஒரு காட்சி ஓடும். நேரம் பிடிக்கும். குறுகிய கால வடிவங்களும் உண்டு என்றாலும், ஒரு வருடத்துக்கு மேல் போவது சாதாரணம். என்ன முன்னேற்றம் என்று மூன்றாவது மாதத்தில் கேட்டால் பளிச்சென்று பதில் சொல்ல முடியாமலும் போகலாம். பணமும் பொறுமையும் அளவோடு இருப்பவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெறுமனே 'கவுன்சிலிங்' என்று போட்டிருக்கும் இடங்களில் நடப்பது பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் வழி. 1957-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை, மனிதர் மாறுவதற்குத் தேவையானவற்றைப் பட்டியலிட்டது. அதில் உயிர்நாடியானவை மூன்று: தெரபிஸ்ட்டின் பரிவான புரிதல், அவரது பாசாங்கில்லாமை, நிபந்தனை போடாமல் ஏற்றுக்கொள்வது. அறிவுரை கிடையாது, வீட்டுப்பாடம் கிடையாது. துக்கம், வேலை மாற்றம், பிரிவு, பெரிய முடிவு ஒன்றின் முன்னால் நிற்பது, இவற்றுக்கு இது போதும். சில சமயம் இதுதான் வேண்டும். 'சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்குக் காசா' என்று கேலி செய்பவர்கள், தங்களை யாராவது ஐம்பது நிமிடம் குறுக்கிடாமல் கடைசியாக எப்போது கேட்டார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.

அதிகம் பேசப்படாத ஒரு முறையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஐபிடி, அதாவது உறவுகளை மையமாக வைத்த தெரபி. ஜெரால்ட் கிளெர்மன், மிர்னா வைஸ்மன் இருவரும் 1970-களில் மனச்சோர்வுக்காக உருவாக்கியது, 12 முதல் 16 செஷன். நான்கு விஷயங்களில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள்: இழப்பின் துக்கம், நெருங்கியவரோடு தொடரும் பிணக்கு, வாழ்க்கையில் இடம் மாறுவது (தாயானது, ஓய்வு பெற்றது, பிரிந்தது போல), உறவுகளே அமையாத தனிமை. தனியாகப் போய் உறவைப் பற்றி வேலை செய்ய வேண்டும், துணைவர் வர மறுக்கிறார் என்றால் இதைக் கேட்டுப் பாருங்கள். அந்த எட்டு மாதத்தில் எனக்கு இது பொருந்தியிருக்கும். இப்படி ஒன்று இருப்பதே அப்போது தெரியாது.

இதுவரை சொன்னவற்றில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை எடுத்தாலும் பெரிதாக நஷ்டமில்லாமல் போகலாம். 1936-இலேயே சால் ரோசன்ஸ்வைக் என்ற அமெரிக்க உளவியலாளர், வெவ்வேறு முறைகளின் பலன் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதைச் சுட்டிக்காட்டிவிட்டார். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் 'எல்லாம் ஒன்றுதான்' என்று விட்டுவிட முடியாத சில இடங்கள் இருக்கின்றன. அங்கே தப்பான முறை வருடங்களைத் தின்றுவிடும்.

முதலாவது ஓசிடி. கதவைப் பூட்டினோமா, கையில் கிருமி இருக்குமா என்று திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் தொல்லைக்கு, ஆறுதலாகப் பேசுவது தீனி போடுகிற மாதிரி. 'ஒன்றும் ஆகாது' என்ற ஆறுதலே அடுத்த சடங்காகிவிடும். இதற்கு வேண்டியது இஆர்பி: பயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருந்து பழகும் பயிற்சி. போன் செய்யும்போது 'ஓசிடிக்கு இஆர்பி செய்வீர்களா' என்றே கேளுங்கள். தயங்கினால் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம்.

இரண்டாவது, விபத்து, வன்முறை போன்ற அதிர்ச்சி விட்டுச்சென்ற தழும்பு. கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தக் காட்சி மறுபடி மறுபடி கண்முன் வருவது. இதற்கு அதிர்ச்சியை மையமாக வைத்த சிபிடி, இஎம்டிஆர் என்ற இரண்டையும் உலக சுகாதார அமைப்பு 2013-இல் பரிந்துரைத்தது. இஎம்டிஆர், ஃபிரான்சின் ஷபீரோ 1987-இல் கண்டது. நினைவை மனதில் வைத்துக்கொண்டே தெரபிஸ்ட்டின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். பார்க்க மந்திரவாதம் மாதிரி இருக்கும். கண் அசைவுதான் வேலை செய்கிறதா, நினைவைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் தொடுவதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பலன் இருப்பதில் அவ்வளவு சண்டை இல்லை. நடந்ததை விலாவாரியாகச் சொல்ல விரும்பாதவர்களுக்கு இது வசதி.

தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, உணர்வு ஏறினால் இறங்காமல் நிற்பது என்றால் டிபிடி, அதாவது கொந்தளிப்பைக் கையாளும் திறன்களைக் கற்றுத்தரும் முறை. மார்ஷா லைனஹான் உருவாக்கியது, முதல் பெரிய ஆய்வு 1991-இல் வந்தது. தனிச் செஷன், வாராந்திர வகுப்பு, நெருக்கடி நேரத்தில் போன் உதவி, தெரபிஸ்ட்கள் தங்களுக்குள் கூடிப் பேசும் ஆலோசனைக் குழு என நான்கும் சேர்ந்ததுதான் முழு டிபிடி. வகுப்பில் கற்றுத் தருவதில் ஒன்று, கொந்தளிக்கும்போது முகத்தைக் குளிர்ந்த நீரில் சில நொடிகள் அமிழ்த்துவது. இதயத் துடிப்பு தானாக இறங்கும். இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்குத் தூக்கத்துக்கென்றே உள்ள சிபிடி இருக்கிறது. மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் சொன்னது. தூங்குவதற்காகக் கட்டிலில் கழிக்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்வார்கள். முதல் வாரம் திட்டிக்கொண்டேதான் செய்வீர்கள்.

இடையில் ஒன்று. பல மாதமாகச் சோர்வு, எடையில் மாற்றம், மந்தம் என்றால் தெரபிக்கு முன்னால் பொது மருத்துவரிடம் போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தைராய்டு குறைவு மனச்சோர்வு வேஷம் போடும். மாத்திரை எழுதிக் கொடுப்பது மனநல மருத்துவரின் வேலை. சைக்காலஜிஸ்ட்டும் கவுன்சிலரும் பெரும்பாலான இடங்களில் அதைச் செய்ய முடியாது. மாத்திரையும் தெரபியும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை.

இனி ஜோடியாகப் போகிறவர்கள். இங்கே முறைகளின் வித்தியாசத்தைச் சொல்ல எங்கள் சண்டை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். நான் நாற்பது நிமிடம் தாமதமாக வருகிறேன், போன் செய்யவில்லை. மனைவி: 'உங்களுக்கு நான் காத்திட்டு இருக்கறது ஒரு விஷயமே இல்ல.' நான்: 'வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா?' பிறகு மௌனம், மடிக்கணினி, கதவு.

காட்மன் முறையில் பயிற்சி பெற்றவர் இதைக் கேட்டால், அதில் இருக்கும் பழக்கங்களைப் பிரித்துக் காட்டுவார். ஜான் காட்மன் 1986-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வீடு மாதிரியே அமைத்த ஆய்வுக்கூடத்தில் ஜோடிகளைப் படம்பிடித்து, இதயத் துடிப்பை அளந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர். உறவை அரிப்பவை என்று அவர் சொல்வது நான்கு: ஆளையே குறை சொல்வது, இளக்காரம், தற்காத்துக்கொள்வது, சுவர் மாதிரி மௌனமாகிவிடுவது. இளக்காரம்தான் நான்கிலும் மோசம். எங்கள் மூன்று வரியில் மூன்று வந்துவிட்டது. மருந்தும் கையோடு தருவார்: 'நீங்க எப்பவும்' என்று ஆரம்பிக்காமல் 'நான் பயந்துட்டேன், ஒரு போன் பண்ணுங்க' என்று ஆரம்பிப்பது, துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டினால் பேச்சை நிறுத்தி, குறைந்தது இருபது நிமிடம் தனித்தனியாக இருந்துவிட்டுத் திரும்புவது. ஜோடிகளின் பிணக்குகளில் சுமார் 69 சதவீதம் தீராதவை, அவற்றோடு வாழப் பழகுவதுதான் வழி என்பதும் அவர் கணக்கு. எனக்கு அந்த எண்ணே பாதி நிம்மதியைக் கொடுத்தது. விவாகரத்தை 90 சதவீதத்துக்கு மேல் முன்கூட்டியே சொல்லிவிடுவார் என்ற புகழை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்க வேண்டும். முடிவு தெரிந்த தரவிலேயே பொருத்திப் பார்த்த கணக்கு அது என்று சக ஆய்வாளர்கள் விமர்சித்திருக்கிறார்கள்.

இஎஃப்டி, அதாவது உணர்வை மையமாக வைத்த தெரபி செய்பவர் பயிற்சி எதுவும் தர மாட்டார். சூ ஜான்சன், லெஸ்லி கிரீன்பெர்க் இருவரும் 1980-களில் உருவாக்கிய முறை இது. குழந்தைக்குத் தாய் எப்படியோ அப்படித்தான் பெரியவர்களுக்குத் துணையும் என்ற பற்றுதல் கோட்பாடு இதன் அடிப்படை. அவர் சண்டையின் வேகத்தைக் குறைப்பார். 'நாற்பது நிமிடத்தில் இருபதாவது நிமிடம் உங்களுக்குள் என்ன ஓடியது?' என்று என் மனைவியைக் கேட்பார். கோபம் என்று முதலில் சொல்வாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தால், 'இவருக்கு நான் முக்கியமில்லையோன்னு' என்று குரல் இறங்கும். 'இதை இவரைப் பார்த்துச் சொல்ல முடியுமா?' என்பார் தெரபிஸ்ட். வருடக்கணக்கில் கேட்ட குற்றச்சாட்டுக்குள் இப்படி ஒரு பயம் இருந்தது என்று தெரியும்போது பதிலுக்குக் கத்த வராது. 8 முதல் 20 செஷன் என்று கணக்கு. உணர்ச்சியைப் பற்றிப் பேசினாலே கூசுகிறவர்களுக்கு முதல் சில வாரம் நரகமாக இருக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு காட்மன் முறையின் பயிற்சிகளே வாசல். ஆனால் சண்டை ஓய்ந்து, பேச்சே நின்று, ஒரே வீட்டில் இரண்டு வாடகைதாரர் மாதிரி ஆகிவிட்ட ஜோடிக்கு நான் இஎஃப்டியைத்தான் சொல்வேன். சண்டையே இல்லாதவர்களுக்குச் சண்டையை நாகரிகமாகப் போடக் கற்றுக்கொடுத்து என்ன பயன்?

மூன்றாவது ஐபிசிடி, ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் நீல் ஜேகப்சனும் உருவாக்கியது. மாற்றக்கூடியதை மாற்று, மாறாததை ஏற்றுக்கொள் என்பது இதன் போக்கு. தாமதத்தை 'என் தப்பு, உன் தப்பு' என்று பேசாமல், மேஜைமேல் வைத்த பொருளைப் போல, 'இது நம்மிடம் இப்படி வருகிறது' என்று இருவரும் ஒரே பக்கத்திலிருந்து பார்க்கப் பழக்குவார்கள். இந்த முறையைப் பழைய நடத்தை முறையோடு ஒப்பிட்டு, கடுமையான சிக்கலில் இருந்த 134 ஜோடிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது இரண்டு முறைகளுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஏறத்தாழ பாதி ஜோடிகள் தெளிவாக முன்னேறியிருந்தனர், நான்கில் ஒரு பங்கினர் பிரிந்திருந்தனர். இதை மறைக்காமல் சொல்வது நல்லது. ஜோடித் தெரபி திருமணத்துக்கு இன்ஷூரன்ஸ் இல்லை.

ஒருவர் பிரியத் தயார், மற்றவர் கையைப் பிடித்து இழுக்கிறார் என்றால் மேலே சொன்ன மூன்றும் வேலை செய்யாது. ஒரு கால் வெளியே இருப்பவரை வைத்துக்கொண்டு பயிற்சி செய்ய முடியாது. இந்த நிலைக்கென்றே மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பில் டோஹெர்ட்டி ஒன்றை உருவாக்கினார். டிசெர்ன்மென்ட் கவுன்சிலிங், அதிகபட்சம் ஐந்து செஷன். உறவைச் சரிசெய்வது இதன் வேலையே இல்லை. இப்படியே இருப்பதா, பிரிவதா, ஆறு மாதம் பிரிவுப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு முழுமனதோடு ஜோடித் தெரபி செய்து பார்ப்பதா என்ற மூன்றில் ஒன்றைத் தெளிவாகத் தேர்ந்தெடுக்க வைப்பது மட்டுமே. செஷனின் பெரும்பகுதி ஒவ்வொருவரோடும் தனியாகத்தான் நடக்கும்.

குழந்தைதான் வாடுகிறது, அதைச் சுற்றிப் பெரியவர்கள் இழுபறி என்றால் குடும்பத் தெரபி. 'பிரச்சினைக்காரன்' என்று ஒருவரை மட்டும் கொண்டுவந்து நிறுத்தாமல் வீட்டையே அறைக்கு வரச் சொல்வார்கள். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம்தான் பெரிய பாரம் என்றால் குழுத் தெரபி, பொதுவாக எட்டுப் பத்துப் பேர், செலவும் குறைவு. வீடியோவிலா நேரிலா என்பதற்கு என் பதில் சுருக்கம்: தனியாக என்றால் எதுவும் பரவாயில்லை, சண்டை சூடாக இருக்கும் ஜோடி என்றால் நேரில். திரையில் ஒருவர் எழுந்து போய்விட்டால் தெரபிஸ்ட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

முதல் போனிலேயே கேட்க வேண்டியவை அதிகமில்லை. என் மாதிரிப் பிரச்சினையை எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறீர்கள், எப்படி வேலை செய்வீர்கள், சரியாகிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள். ஜோடியாக என்றால் இன்னும் ஒன்று, இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: தனியாகச் சொல்லும் ரகசியத்தை என்ன செய்வீர்கள்? சிலர் 'ஒருவர் சொன்னதை மற்றவரிடமிருந்து மறைத்துவைக்க மாட்டேன்' என்பார்கள், சிலர் காப்பார்கள். வேறொரு உறவு ஒளிந்திருக்கும் வீட்டில் இந்தப் பதில் எல்லாவற்றையும் மாற்றும். உங்கள் தனித் தெரபிஸ்ட்டையே ஜோடித் தெரபிஸ்ட்டாக்காதீர்கள். எதிரணியின் நடுவர் என்ற நினைப்போடுதான் உங்கள் துணை உள்ளே வருவார்.

எத்தனை நாள் பார்ப்பது? 1986-இல் கென்னத் ஹோவர்ட் குழுவினர் பழைய தரவுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சுமார் எட்டாவது செஷனுக்குள் பாதிப் பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. 26 செஷனுக்குள் நான்கில் மூன்று பங்கினரிடம். அதனால் மூன்றாவது வாரமே ஓடிவிட வேண்டாம், எட்டாவது வாரத்தில் வாய்திறந்து கேட்காமலும் இருக்க வேண்டாம். தெரபிஸ்ட்டோடு ஒட்டவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். 1979-இல் எட்வர்ட் போர்டின் இந்த ஒட்டுதலை மூன்றாகப் பிரித்தார்: இலக்கில் உடன்பாடு, வழியில் உடன்பாடு, மனிதர் மேல் நம்பிக்கை. மூன்றில் எது குறைகிறது என்று சொல்லத் தெரிந்தாலே பேச்சு எளிதாகிவிடும். எனக்கு மூன்றும் இருந்தன. இலக்குதான் தப்பு.

எட்டாவது மாதத்தில் என் தெரபிஸ்ட்டிடம் இதையெல்லாம் சொன்னேன், மனைவியோடு வேறு ஒருவரிடம் போகலாம் என்றிருக்கிறேன் என்று. கொஞ்சம் குத்தலாகவே, 'இதை நீங்கள் முன்னாடியே சொல்லியிருக்கலாமே' என்றும் கேட்டுவிட்டேன். அவர் நோட்டைப் பின்னால் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார். மூன்றாவது மாதத்துத் தேதி. 'ஜோடியாகப் போவது பற்றிக் கேட்டேன். ஆபீஸ் விஷயத்துக்குப் போய்விட்டார்' என்று எழுதியிருந்தது. பிறகு இன்னொரு தாளை எடுத்து இரண்டு பேரின் பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தார்.